டென்ஷனை நோட்டில் இறக்கி வைப்பது எப்படி? கல்லூரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

தேர்வு நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது. என்ன கவலை என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரே டென்ஷன்" என்போம். அந்த "ஒரே டென்ஷனை" இழை இழையாகப் பிரித்துப் பார்க்கத்தான் இப்படி நோட்டில் எழுதுவது. காலையில் எழுந்தேன், வகுப்புக்குப் போனேன் என்று எழுதும் டைரி வேறு, இது வேறு.

படி 1: பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்கள் போதும். விலையுயர்ந்த புது டைரி வேண்டாம், அதில் கிறுக்க மனசே வராது. யார் கண்ணிலாவது படுமோ என்று பயமாக இருந்தால், எழுதி முடித்ததும் கிழித்துப் போடுங்கள். தப்பில்லை.

படி 2: 15 நிமிடத்துக்கு டைமர் வைத்துவிட்டு, போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எழுத்துப்பிழை, கையெழுத்து எதையும் பார்க்காமல் எழுதிக்கொண்டே போங்கள்.

படி 3: இதுதான் முக்கியமான இடம். நடந்ததை மட்டும் எழுதினால் போதாது. அது உங்களை என்ன செய்தது என்பதும் வர வேண்டும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினமும் 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை உலுக்கிய சம்பவத்தோடு அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனது குறைந்தது. சம்பவத்தை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சரி, மனசில் இருப்பதை எப்படி வெளியே கொண்டுவருவது? ஒவ்வொரு வரிக்குப் பிறகும் "ஏன்னா" போடுங்கள். நான் படித்த காலத்தில் எழுதிய ஒரு பக்கம் இது:

"நாளைக்கு வைவா. பயமா இருக்கு.
ஏன்னா போன தடவை எல்லார் முன்னாடியும் வாயடைச்சு நின்னேன்.
ஏன்னா முதல் கேள்விக்கே பதில் வரல, அதுக்கப்புறம் தெரிஞ்சதும் மறந்துபோச்சு."

மூன்றாவது வரியில் எனக்குப் புரிந்தது, என் பயம் பாடத்தைப் பற்றியதே இல்லை, முதல் கேள்வியைப் பற்றியது. "தெரியவில்லை, அடுத்த கேள்வி கேளுங்கள்" என்று நிதானமாகச் சொல்ல அன்றிரவே பழகிக்கொண்டேன்.

படி 4: டைமர் அடித்ததும் நிறுத்திவிடுங்கள். எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனமாகத் தோன்றலாம். அந்த ஆய்வில் எழுதியவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது, கொஞ்ச நேரத்தில் தணியும். ஒரு விஷயத்தைத் தொட்டாலே தாங்க முடியவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள். நாளுக்கு நாள் மனசு இருட்டிக்கொண்டே போனாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ நோட்டோடு நிற்காதீர்கள். உடனே நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள்.

படி 5: படுக்கப் போகும் முன் இந்த வேலை வேண்டாம். அந்த நேரத்துக்கு, நாளை செய்ய வேண்டியதை 5 நிமிடம் பட்டியல் போட்டால் போதும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத, தூக்கமும் சீக்கிரம் வந்தது. அதனால் "படிக்கணும்" என்று விடாமல், "மூன்றாம் பாடம், கடைசி இரண்டு கணக்கு, காலை 7 மணி" என்று எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்.