நேபாள உள்ளாட்சிப் பெண்களோடு பணியாற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண் தலைமையை வளர்க்க நேபாளம் போகும் தன்னார்வலர்களில் பலர் கையோடு கொண்டுபோவது தன்னம்பிக்கைப் பயிற்சி. மேடைப் பேச்சு, குழு விளையாட்டு, கடைசியில் ஒரு சான்றிதழ். முதல் தவறு இதுதான். 2015 அரசியலமைப்புக்குப் பிறகு அங்கே பெண்கள் அவைக்குள் வந்தாயிற்று. நாட்டில் 753 உள்ளாட்சிகள், 6,743 வார்டுகள். வார்டுக்கு ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அந்த நால்வரில் இருவர் பெண்கள், அவர்களிலும் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2017, 2022 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் வென்றவர்களில் சுமார் 41 விழுக்காட்டினர் பெண்கள். தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவருக்குப் பேசக் கற்றுத்தருவதில் அர்த்தமில்லை. எந்தத் தாள் எந்தத் தேதிக்குள் யார் மேசைக்குப் போக வேண்டும், அதில் தன் அதிகாரம் எதுவரை என்பதில்தான் அவருக்குத் துணை வேண்டும்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதும் தவறு. உள்ளாட்சியின் தலைவர் (நகராட்சியில் மேயர்), துணைத்தலைவர் இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தும் கட்சி, ஒன்றைப் பெண்ணுக்குத் தர வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் துணைப் பதவியைக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டன. 2017-ல் 700 துணைத்தலைவர்கள் பெண்கள்; தலைவர்களோ 18 பேர்தான். 2022-ல் கூட்டணிக் கட்சிகள் ஆளுக்கொரு பதவியைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரே பதவிக்கு நிற்கும் கட்சிக்கு அந்த விதி பொருந்தாது. துணைத்தலைவர் பதவிகளில் பெண்களின் பங்கு முக்கால் அளவுக்குச் சுருங்கியது. பெண் தலைவர்கள் 25 பேர். இந்த ஓட்டை தெரியாமல் 'அடுத்த முறை மேயருக்கே நில்லுங்கள்' என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. சீட்டு கட்சிக்குள் முடிவாகிறது. வெளிநாட்டவர் அங்கே தலையிடவும் கூடாது. கட்சி மேடை, பிரசார ஊர்வலம், வேட்பாளரோடு படம் எதுவும் வேண்டாம்.

அதிகம் கெடுவது நாள்காட்டியால். நேபாள அலுவலகங்கள் விக்ரம் சம்வத் கணக்கில் ஓடுகின்றன. நமக்கு அது கஷ்டமில்லை: பைசாக் நம் சித்திரை, அசார் நம் ஆனி, சாவன் நம் ஆடி, ஒன்றிரண்டு நாள் முன்பின். நிதியாண்டு சாவன் முதல் தேதி தொடங்குகிறது. உள்ளாட்சி பட்ஜெட்டை அசார் 10-க்குள், அதாவது ஜூன் 24 வாக்கில், அவையில் வைத்தாக வேண்டும். அதற்கு முன் ஏழு படிகள்: வரவு மதிப்பீடு, வார்டுகளுக்கான செலவு உச்சவரம்பு, குடியிருப்புக் கூட்டம், வார்டில் முன்னுரிமை வரிசை, ஒருங்கிணைந்த திட்டம், செயற்குழு ஒப்புதல், அவை ஒப்புதல். பெண்களின் கோரிக்கை நுழையக்கூடிய வாசல் மூன்றாவது படி. நான்காவதில் வரிசைக்கு வெளியே போனது திரும்பி வருவது அபூர்வம். கல்லூரி விடுமுறையைக் கணக்குப் போட்டு ஜூனில் வந்திறங்குகிறவர் ஐந்தாவது படிக்கு மேல்தான் வந்து சேர்கிறார். அசார் நெல் நடவுக் காலம் வேறு. வார்டு உறுப்பினர்கள் வயலில் இருப்பார்கள். பிப்ரவரிக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். தசைன், திஹார் பண்டிகை வாரங்களில் கூட்டம் போடாதீர்கள்.

வரவு மதிப்பீட்டுக்கான வருவாய் ஆலோசனைக் குழு, பட்ஜெட் தயாரிப்புக் குழு இரண்டுக்கும் ஒருங்கிணைப்பாளர் துணைத்தலைவர்தான். இத்தனை வேலை உள்ளவரை மூன்று நாள் பயிற்சிக்கு மாவட்டத் தலைநகருக்கு இழுத்துப்போனால், அவர் இல்லாத நேரத்தில் குழு கூடிவிடும். பயிற்சியை அலுவலகத்திலேயே, இரண்டு மணி நேரத் துண்டுகளாக, அந்த வாரம் கையெழுத்தாக வேண்டிய கோப்பை வைத்தே நடத்துங்கள். தலைமை நிர்வாக அதிகாரியை ஒதுக்காதீர்கள். தீர்மானம் யாருடையதானாலும் பணம் நகர்வது அவர் வழியாக.

உள்ளூர் வழக்குகளைக் கேட்கும் நீதிக் குழுவில் நடக்கும் தவறு ஆபத்தானது. அரசியலமைப்பின் 217-ஆம் பிரிவுப்படி மூவர் கொண்ட இக்குழுவுக்குத் துணைத்தலைவரே தலைமை. வரப்பு, வாய்க்கால், கூலி பாக்கி, முதியோர் பராமரிப்பு போன்ற 13 வகை வழக்குகளில் தீர்ப்பு சொல்லலாம். வேறு 11 வகைகளில் சமரசம் மட்டுமே செய்யலாம். இந்த இரண்டு பட்டியலையும் பிரித்துப் படிக்காமல் 'பெண்ணுக்கு நியாயம் கிடைக்கட்டும்' என்று துணைத்தலைவரை உந்திவிட்டால், அதிகாரமில்லாத தீர்ப்பு மாவட்ட நீதிமன்றத்தில் அடிபட்டுப் போகும். பழி அவர் தலையில். பாலியல் வன்கொடுமைப் புகார் வந்தால் குழு தொடவே கூடாது. அன்றே போலீசுக்குப் போக வேண்டும். ஊர் சமாதானம் பேச வரும்; அந்த மேசையில் தன்னார்வலர் உட்காரக் கூடாது. புகார்தாரரைப் படம் எடுப்பதும் பெயரை அறிக்கையில் எழுதுவதும் கூடவே கூடாது.

கணவர் கையில் ஊராட்சி என்பது நம் ஊரில் கண்டு பழகிய காட்சி. அதனால் அங்கேயும் கணவரையே தேடுவோம். அவர் தலையீடு உண்டுதான். ஆனால் தீர்மானப் புத்தகத்தைக் கவனியுங்கள். கூட்டம் முடிந்ததும் எழுதாத பக்கத்தில் கையெழுத்து வாங்கி, பிறகு தீர்மானத்தை நிரப்பும் வழக்கம் இருக்கிறதா? முக்கியமாக தலித் பெண் உறுப்பினரிடம்? மூன்று வரிப் பழக்கம் போதும்: எழுதி முடி, உரக்கப் படி, பிறகு கையெழுத்து. ஆட்சேபம் இருந்தால் அதுவும் அதே பக்கத்தில். துணைத்தலைவருக்கு மட்டும் அழைப்பு அனுப்பி வார்டு உறுப்பினர்களை மறப்பதும் இங்கே சேரும்.

மொழி விஷயத்தில் இந்தி போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். தெற்குச் சமவெளியான தராயில் பலர் புரிந்துகொள்வார்கள். கோப்பு நேபாளியில் இருக்கும். மதேஷ் மாகாணத்தில் பெண்கள் மனம்விட்டுப் பேசுவது மைதிலியிலோ போஜ்புரியிலோ. மொழிபெயர்க்க உள்ளூர்ப் பெண்ணையே வையுங்கள், கட்சிக்காரர் வேண்டாம்.

சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் சட்டப்படி கூடாது. இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. அதற்காக நேரே வார்டு அலுவலகத்தில் போய் நிற்கக் கூடாது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் உள்ளவர்கள், வரவழைக்கும் அமைப்பு எந்த விசா எடுத்துத் தரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு அமைப்பானால், அத்தகைய அமைப்புகளைக் கண்காணிக்கும் நேபாள அரசின் சமூக நலக் கவுன்சிலோடு ஒப்பந்தம் உண்டா, அந்த உள்ளாட்சியின் அனுமதிக் கடிதம் உண்டா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.