பசித்த வீட்டுக்குப் பை கொண்டுபோகும் முன்: கத்தோலிக்கப் பங்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1617 ஆகஸ்டு மாதம். கிழக்குப் பிரான்ஸில் ஷத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் தே பவுல் பங்குத்தந்தையாக, அதாவது ஊர்க் கோயிலின் பொறுப்புக் குருவாக, இருந்தார். ஒரு ஞாயிறு காலை அவர் திருப்பலிக்கு உடை உடுத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் செய்தி கொண்டுவந்தார்: ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் கிடக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கவனிக்கக்கூட முடியவில்லை. மறையுரையில் அதைச் சொல்லி மக்களை வேண்டினார். மாலையில் அவரும் அந்த வீட்டை நோக்கி நடந்தார். வழி முழுக்கப் பெண்கள், பவனி போல. சிலர் உணவோடு போகிறார்கள், சிலர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள், சிலர் வெயில் தாங்காமல் வழியோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வின்சென்ட் மகிழ்ந்தார், கூடவே கவலையும் கொண்டார். அந்த வீட்டில் ஒரே நாளில் சேர்ந்த உணவில் பாதி கெட்டுப்போகும், அதன்பிறகு பழைய பட்டினிதான். மூன்றே நாளில் ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் அமைப்பாகச் செய்யும் இரக்கப்பணிக்கு அந்தக் கூட்டம் ஒரு முக்கியமான தொடக்கம். 216 ஆண்டுகள் கழித்து, 1833இல், பாரிஸில் ஃபிரெடரிக் ஒசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் ஒரு சபையைத் தொடங்கி அதற்கு வின்சென்ட்டின் பெயரை வைத்தார்கள். நம் பங்குகளில் ஞாயிறுதோறும் கூடும் வின்சென்ட் தே பவுல் சபை அதுதான்.

நான் அந்தச் சபையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நாங்களே செய்திருக்கிறோம்.

பண்டிகைக்குக் கொட்டி, மற்ற நாளில் மறப்பது

டிசம்பர் பிறந்தால் பங்கு அலுவலகத்தில் நடக்க இடமிருக்காது. அரிசி, கேக், போர்வை, புதுத்துணி. ஓர் ஆண்டு ஒரே வீட்டுக்கு அன்பியம் என்ற அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு ஒரு பை, மரியாயின் சேனை என்ற பக்தசபை ஒரு பை, இளையோர் ஒரு பை, நாங்கள் ஒரு பை என்று நான்கு பைகள் போய்ச் சேர்ந்தன. இரண்டு தெரு தள்ளி, கணவர் விபத்தில் படுத்துவிட்ட இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளாததுதான் காரணம். அதன்பிறகு எல்லா அமைப்புகளுக்கும் சேர்த்து ஒரே நோட்டுப் புத்தகம் வைத்தோம். எந்த வீடு, என்ன தேவை, யார் போனார்கள், என்று போனார்கள்: நான்கு பத்திதான் அதில் உண்டு.

பசிக்குத் தனி நாள்காட்டி இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகில் கூலிக்குப் போகிறவரின் வீட்டில் சேமிப்பு கரைந்து முடியும் நேரத்தில் பள்ளி திறந்துவிடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கட்டட வேலை நிற்கிறது, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கூலி நிற்கிறது. டிசம்பரில் கொடுக்க வருகிறவரிடம் “இதை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் மறுத்தவர்கள் மிகச் சிலர்.

எல்லா வீட்டுக்கும் அரிசி

இதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் செய்த தவறு. ஒரு வீட்டுக்கு 10 கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு போனோம். அந்தப் பெண் வாங்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அரிசி இருக்கிறது அண்ணா. காஸ்தான் தீர்ந்து ஒன்பது நாள் ஆகிறது.” பக்கத்து வீட்டு அடுப்பில் ஒருவேளை மட்டும் பொங்கி மூன்று வேளைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் அரிசி அட்டை உள்ள குடும்பத்துக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கேயே வாங்கலாம். அட்டை இருக்கும் வீட்டில் நெருக்கடி பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: காஸ், பால், காய்கறி, மருந்து, மருத்துவமனைக்குப் போகும் பஸ் செலவு, கடைக்காரரிடம் நிற்கும் பாக்கி. அரிசி உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் அட்டை இல்லாதவர்கள். பிழைக்க வந்து வாடகைக்குத் தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பங்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு வந்துவிட்ட பெண்கள். இந்தக் கடைசி வகையினரைப் பலரும் கவனிப்பதில்லை. அட்டை கணவர் வீட்டில் இருக்கும், பெயரை நீக்கிப் புது அட்டை வாங்க மாதங்கள் ஆகும், அதுவரை அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

அளவிலும் ஏமாந்துபோகிறோம். பேரிடர் நிவாரணத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று கணக்கிடுவது வழக்கம். நூறு கிராம் அரிசி சுமார் 350 கலோரி தரும். நால்வர் உள்ள வீட்டில் வேறொன்றும் இல்லையென்றால் 5 கிலோ அரிசி இரண்டு நாள் உணவு, அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறோம்.

கேட்டுவிட்டுக் கொடுப்பது ஒன்றே வழி. நாங்கள் இப்போது பக்கத்து மளிகைக் கடையில் முன்பணம் கட்டிவிட்டு, தொகை எழுதிய சீட்டை அந்த வீட்டில் கொடுக்கிறோம். எதை வாங்குவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பாரிஸில் ஒசானாமின் நண்பர்களுக்கு ஏழைகளின் வீடுகளைக் காட்டிக்கொடுத்த அருட்சகோதரி ரோசலி ரெந்து, தொடக்கத்தில் ரொட்டிக்கான சீட்டுகளையும் அவர்களுக்குத் தந்து உதவினார்.

துணி என்ற பெயரில் குப்பை

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுவதிலிருந்தும் வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் மலையாய்க் குவிந்து, மழையில் ஊறிக் கிடந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. வீட்டையும் படகையும் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் முன்னால், கிழிந்ததையும் கறைபட்டதையும் கொண்டுவந்து கொட்டினால் எப்படித் தொடுவார்கள்? கடைசியில் அந்தக் குவியல்களை அகற்றுவதே தனி வேலையாகிவிட்டது. கூஞ்ச் என்ற டெல்லி அமைப்பு அப்படி ஒதுக்கப்பட்ட துணிகளை எடுத்துச் சென்று பிரித்து, பயன்படுபவற்றை வேறு தேவைகளுக்கு மாற்றியது.

நிவாரணத்துக்கு வருகிற துணியை முதலில் தரையில் விரித்துப் பிரியுங்கள். பொத்தான் இல்லாதது, ஜிப் பழுதானது, காலர் நைந்தது எல்லாம் தனியே போகட்டும். உங்கள் அக்கா வீட்டுக்குக் கொடுக்கத் தயங்குவதை யார் வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம். துவைத்து, தேய்த்து, அளவு எழுதி அடுக்குங்கள். உள்ளாடை புதியதாக மட்டுமே இருக்க வேண்டும்.

பெண்கள் பட்டியல் போட்டால்தான் சில விஷயங்கள் தெரியவருகின்றன. நாங்கள் ஆண்களாகச் சேர்ந்து ஒரு வெள்ளத்தின்போது நாற்பது சேலைகள் கொடுத்தோம். ஒன்றுக்கும் ரவிக்கை இல்லை, பாவாடை இல்லை. உடுத்தியிருந்த துணியோடு வீட்டைவிட்டு ஓடிவந்த பெண் அந்தச் சேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மறுநாள் எங்கள் சபைச் சகோதரி ஒருவர் நைட்டி, உள்ளாடை, நாப்கின், துண்டு என்று நான்கே பொருளை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை மாற்றத் தேவையே வரவில்லை. ஆண்களுக்கு லுங்கியும் துண்டும், பள்ளி திறக்கும் காலமென்றால் சீருடையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் இருந்தால் துணியைக் கொடியில் தொங்கவிட்டு, வருகிறவர்கள் பார்த்து எடுத்துக்கொள்ள விடுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர் திருப்பி வைத்தால் அது நன்றிகெட்டதனம் அல்ல.

வரிசை, படம், விசாரணை

திருப்பலி முடிந்ததும் பயனாளிகளின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து, பீடத்தின் முன் நிற்கவைத்துப் பை கொடுத்துப் படம் எடுப்பதை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். வரிசையில் தாயோடு நிற்கும் பையனை அவனுடைய வகுப்பு முழுவதும் பார்க்கிறது. அடுத்த முறை அந்தத் தாய் பட்டினி கிடப்பாரே தவிர, கோயிலுக்கு வரமாட்டார். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் பொருள்களைப் படமெடுங்கள். பையில் சபையின் பெயரோ கொடுத்தவரின் பெயரோ வேண்டாம். சாதாரண மளிகைப் பையாகவே இருக்கட்டும்.

எங்கள் சபை மரபில் இருவர் இருவராக வீட்டுக்குப் போவோம். வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் காஸ் தீர்ந்தது தெரியும்.

ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பது, ஞாயிறு வருகிறாரா என்று பார்ப்பது, பைக்குள் செபப் புத்தகம் வைப்பது ஆகியவையும் தவறுகளே. பசியில் இருக்கிறவருக்கு “வேண்டாம்” என்று சொல்லும் வசதி இல்லை. அந்த நிலையில் சமயத்தை நீட்டுவது வற்புறுத்தலாகிவிடும். உதவியை எந்தச் சமய நோக்கத்துக்கும் பயன்படுத்துவதில்லை என்ற 1994ஆம் ஆண்டு நிவாரணப் பணி நடத்தை நெறியை, செஞ்சிலுவைச் சங்கத்தோடு கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ் அமைப்பும் சேர்ந்தே முன்வைத்தது.

ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் ஆதார், வருமானச் சான்று, வாடகை ரசீது என்று அடுக்கிக் கேட்கிறவர்களும் உண்டு. இன்றிரவு சாப்பாட்டுக்கு இவ்வளவு தாள் எதற்கு? பத்துப் பேரில் ஒருவர் பொய் சொல்லி ஒரு பை வாங்கிப்போனால் போகட்டும். மற்ற ஒன்பது பேரையும் குற்றவாளி போல நிறுத்துவதைவிட அந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்வேன்.

சட்டம் தெரியாமல் செய்யும் ஒரு தவறும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு என்று பால் மாவு டப்பாவும் புட்டியும் வாங்கிக் கொடுக்கிறோம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அவற்றை இலவசமாகக் கொடுக்க இந்தியாவில் அனுமதி இல்லை. வெள்ள நாளில் சுத்தமான தண்ணீர் இல்லாமல் கரைத்த பால் மாவு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தாய்க்குச் சத்தான உணவைக் கொடுங்கள்.

பணத்தை ஒருவர் கையில் விடாதீர்கள். இருவர் கையெழுத்து, மாதம் ஒருமுறை கணக்கு வாசிப்பு, அவ்வளவு போதும்.

அவசர உதவி ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே போவதும் கவனிக்க வேண்டியது. ஒரு விதவைத் தாய்க்கு மூன்று ஆண்டுகள் மாதாமாதம் பை கொடுத்தோம். விதவை ஓய்வூதியத்துக்கு அவரை விண்ணப்பிக்கவைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ஒரு பிற்பகல் இ-சேவை மையத்துக்கு அவரோடு போனோம். நாங்கள் முதல் மாதமே செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஷத்தியோன் பெண்களுக்காக வின்சென்ட் எழுதிய விதிமுறையில் நோயாளிக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்றுகூட இருக்கிறது. கை கழுவிவிட வேண்டும், மேசைத்துணி விரிக்க வேண்டும், முகமலர்ச்சியோடு பேச வேண்டும். வீட்டில் துணைக்கு ஆள் இருப்பவரிடம் முதலில் போக வேண்டும், யாருமில்லாதவரிடம் கடைசியாகப் போக வேண்டும், அப்போதுதான் அங்கே அதிக நேரம் இருக்க முடியும் என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை இப்போது அந்த வரிசையில்தான் போடுகிறோம். கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருக்கு நாங்கள் கொண்டுபோவது அரை லிட்டர் பாலும் ரொட்டியும்தான். ஐந்து மணிக்குப் போனால் எழுந்து வர ஏழாகிவிடுகிறது.