விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் வேலையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். வீட்டிலிருந்தே வேலை, கம்பெனி கொடுத்த விர்ச்சுவல் டெஸ்க்டாப், சேர்ந்து இரண்டு மாதம். "அண்ணே, டெஸ்க்டாப்ல வச்ச ஃபைல் ஒண்ணுகூட இல்லண்ணே" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன் மண்டபம் ஊரில் உட்கார்ந்து நான் செய்த அதே தவறு. பாஸ்வேர்டை மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

டெஸ்க்டாப்பில் சேமிப்பது

திரையில் தெரியும் விண்டோஸ் நம் லேப்டாப்பில் ஓடவில்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. நமக்கு வருவது அதன் படம்தான். சில கம்பெனிகளில் ஆளுக்கொரு மெஷின் ஒதுக்குவார்கள். பல இடங்களில் பொதுவான மெஷின்கள்தான். அன்றைக்கு எது காலியோ அது கிடைக்கும். அப்படிப்பட்ட மெஷின் லாக் ஆஃப் ஆனதும் துடைத்துவிட்டது போல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டெஸ்க்டாப் உட்பட சி டிரைவில் வைத்ததெல்லாம் போச்சு. புரொஃபைலை, அதாவது உங்கள் செட்டிங்ஸும் சொந்த ஃபோல்டர்களும் அடங்கியதை, கம்பெனி தனியாகச் சேமித்தால் சில ஃபோல்டர்கள் தப்பும்.

"போன தடவை கரண்ட் போய் வந்தப்ப எல்லாம் அப்படியே இருந்துச்சே?" என்று தம்பி கேட்டான். நானும் இதில்தான் ஏமாந்தேன். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் நம் பக்கம் கரண்ட் போகும். ரவுட்டர் விளக்கு அணையும், திரை மங்கி வட்டம் சுற்றும். பத்து நிமிடம் கழித்து உள்ளே போனால் பாதி அடித்த வரிகூட அப்படியே இருக்கும். அது சேமிக்கப்பட்டதால் இல்லை. இணைப்பு மட்டும்தான் அறுந்தது. டேட்டா சென்டரில் நாம் திறந்து வைத்த வேலை, அதாவது செஷன், ஓடிக்கொண்டே இருந்தது. ஐடி டீம் வைத்த நேரம் தாண்டினால் அதுவே லாக் ஆஃப் செய்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் மூலையில் இருந்த எக்ஸை அழுத்தி மூடிவிட்டு எழுந்தேன். திங்கள் காலை டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின் மட்டும் இருந்தது, அதுவும் காலி. மூன்று நாள் உட்கார்ந்து சரிபார்த்த சரக்குக் கணக்கு. ஐடி டீமைக் கேட்டால் "அந்த மெஷினே இப்ப இல்லீங்க" என்றார்கள். இதைச் சேர்ந்த அன்றே ஒருவர் சொல்லியிருக்கலாம். தம்பிக்கும் யாரும் சொல்லவில்லை என்றதும் அந்தப் பழைய எரிச்சல் திரும்ப வந்தது.

முதல் நாளே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றிலும் ஒரு நோட்பேட் ஃபைல் போடுங்கள். எக்ஸ் இல்லை, அது இணைப்பை மட்டும்தான் அறுக்கும். சைன் அவுட், அதாவது லாக் ஆஃப் கொடுங்கள். அப்புறம் உள்ளே போய் எது மிஞ்சியது என்று பாருங்கள். வேலை ஃபைல்கள் ஒன்டிரைவிலோ கம்பெனியின் நெட்வொர்க் டிரைவிலோ மட்டும்.

இணைய வேகத்தை மட்டும் பார்ப்பது

100 எம்பிபிஎஸ் இருந்தும் எழுத்து தாமதமாக விழுகிறதா? பிங்கைப் பாருங்கள், அதாவது சிக்னல் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரத்தை. ஃபைபரில் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். உங்கள் மெஷின் ஓடும் சர்வர் மும்பையில் என்றால் சமாளிக்கலாம். அமெரிக்காவில் என்றால் போய்வரவே 200 மில்லிசெகண்ட் ஆகிவிடும். பெரிய பிளானுக்குக் காசு கட்டி இது தீராது. இந்தியாவில் உள்ள சர்வரில் மெஷின் தரச் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளேயே வீடியோ கால் பேசுவது

விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள் பேசினால் படமும் குரலும் டேட்டா சென்டர் வழியாகச் சுற்றி வரலாம். கம்பெனி அனுமதித்தால் லேப்டாப்பிலிருந்து நேராகப் பேசுங்கள்.

ரவுட்டரை இன்வெர்ட்டரில் மாட்டாமல் விடுவது

மாட்டுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேர்த்து.