மெல்போர்ன்ல வீடு: கட்டுறதா, கட்டுனதை வாங்குறதா?

புதுசா இங்க வந்தவங்க அடிக்கடி கேக்குறதால எங்க அனுபவத்தையும் சேத்து வரிசையா எழுதுறேன்.

முதல்ல விசாவைப் பாருங்க. பி.ஆர் (நிரந்தரமா இங்க தங்குற உரிமை) இல்லாம டெம்ப்ரரி விசால இருந்தா பழைய வீடு வாங்குறதுக்கு 2025 ஏப்ரல் 1-ல இருந்து 2027 மார்ச் 31 வரை தடை போட்டிருக்காங்க, விதிவிலக்கு ரொம்பக் கம்மி. புது வீடோ காலி லேண்டோ வாங்கலாம், ஆனா அதுக்கும் எஃப்.ஐ.ஆர்.பி (வெளிநாட்டு முதலீட்டைப் பாக்குற அரசு வாரியம்) அனுமதி வேணும், லேண்டுன்னா 4 வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கணும். அதுக்கு மேல விக்டோரியால வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு 8% கூடுதல் ஸ்டாம்ப் டூட்டி வேற இருக்கு, இதைக் கணக்குல சேக்காம பட்ஜெட் போட்டு மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர்.

பி.ஆர் இருக்கா? அப்போ ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. லேண்ட் தனி கான்ட்ராக்ட், கட்டுறது தனி கான்ட்ராக்ட்னு போட்டா ஸ்டாம்ப் டூட்டி லேண்ட் விலைக்கு மட்டும்தான், பெரிய மிச்சம் அதுலதான். ஆனா வீடு முடியுற வரை வாடகையும் கட்டணும், பேங்க் ரிலீஸ் பண்ண பணத்துக்கு வட்டியும் கட்டணும், இதை மாசக் கணக்கா போட்டுப் பாருங்க.

அடுத்தது சைட் காஸ்ட், அதாவது உங்க மண்ணுக்கு ஏத்த மாதிரி லேண்டைத் தயார் பண்ணி அஸ்திவாரம் போடுற செலவு, இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பில்டர் மாதிரிக்குக் கட்டி வச்சிருக்குற டிஸ்ப்ளே ஹோம்ல பாக்குற வீடு வேற, போர்டுல போட்டிருக்குற விலைக்கு வர்ற வீடு வேற. மெல்போர்னுக்கு மேற்கால இருக்குற டார்னீட், ட்ருகனினா பக்கம் மேல களிமண், கீழ பாறை. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குற மண்ணு, அதனால அஸ்திவாரச் செலவு ஏறும். எங்களுக்கு அதுலயே ஒரு கார் வாங்குற காசு போச்சு, இன்னும் மனசு ஆறல. சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் வந்து, சைட் காஸ்ட்டை ஃபிக்ஸ் பண்ணி எழுத்துல கொடுத்த பிறகு மட்டும் கையெழுத்து போடுங்க.

பில்டர் டெபாசிட்டா கட்டுற கான்ட்ராக்ட் விலைல 5%-க்கு மேல கேட்டா கொடுக்காதீங்க. அதையும் உங்க பேரு, உங்க அட்ரஸ் போட்டு பில்டர் எடுத்த இன்ஷூரன்ஸ் சர்டிஃபிகேட்டைக் கண்ணால பாத்துட்டுத்தான் கொடுக்கணும். 2023 மார்ச் கடைசில போர்ட்டர் டேவிஸ்ங்கிற பெரிய பில்டர் திவாலானப்போ சுமார் 1,700 வீடு பாதில நின்னுச்சு, டெபாசிட் கட்டியும் இன்ஷூரன்ஸ் எடுக்கப்படாத குடும்பங்க தவிச்சுப் போயிட்டாங்க.

பழைய வீடு வாங்குறவங்களுக்கு வேலை கம்மிதான். செக்ஷன் 32 பேப்பரை (வீட்டைப் பத்தி விக்கிறவங்க கொடுக்குற விவரம்) கன்வேயன்சர்கிட்ட, அதாவது சொத்துப் பத்திர வேலை பாக்குறவர்கிட்ட காட்டுங்க, பில்டிங் இன்ஸ்பெக்ஷனும் கரையான், பூச்சிக்கான இன்ஸ்பெக்ஷனும் பண்ணுங்க. நேரா வாங்குனா பொதுவா 3 வேலை நாள் மனசு மாத்திக்க டைம் உண்டு, ஏலத்துல எடுத்தா அது கிடையாது, அதனால எல்லா செக்கிங்கையும் ஏலத்துக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

கட்டுறதுன்னே முடிவு பண்ணிட்டா பில் இப்படி வரும்: டெபாசிட் போக பேஸ் (அஸ்திவாரம்) 10%, ஃப்ரேம் (வீட்டோட சட்டம்) 15%, லாக்-அப் (வெளிச்சுவர், கூரை, வெளிக்கதவு, ஜன்னல்) 35%, ஃபிக்ஸிங் (உள்கதவு, அலமாரி மாதிரி உள்வேலை) 25%, மீதி முடிச்சப்புறம். ஒவ்வொரு பில்லுக்கும் பேங்க்ல ஓகே சொல்றதுக்கு முன்னாடி உங்க சொந்தக் காசுல தனியா ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்புங்க, முக்கியமா ஃப்ரேம் ஸ்டேஜ்ல, ஏன்னா ப்ளாஸ்டர் அடிச்ச பிறகு உள்ள இருக்குற தப்பு யாரு கண்ணுக்கும் தெரியாது.