உரிமைக் கூட்டத்துக்குத் தப்புக்காரரையும் (தப்பு என்ற பறையை அடிப்பவர்) பாடகரையும் அழைப்பது எப்படி?

2019இல் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முதல் கூட்டம் போட்டோம். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை சூடாக இருந்த நேரம் (அரசு வர்த்தமானியில் அது வர 2021 மார்ச் ஆனது). மைக், நாற்காலி, நாலு பேச்சாளர், எல்லாம் சரி. சனம்தான் லயத்து (தொழிலாளரின் வரிசை வீடு) வாசலை விட்டு இறங்கவில்லை. "ஒரு தப்புச் சத்தம் கேட்டிருந்தா வந்திருப்போம்" என்றார் ஒரு அக்கா. அடுத்த கூட்டத்துக்குத் தப்புக்காரரைத் தேடிப் போனேன்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

1. ஆளைத் தேடுங்கள்

கோயில் கமிட்டியில் விசாரியுங்கள்: திருவிழாவில் தப்படிப்பது யார், காமன் கூத்தில் (மாசியில் ஆடும் மன்மதன்-ரதி கதை) ரதி வேஷம் கட்டுவது யார், ஒப்பாரியும் தாலாட்டும் யார் வாயில் நிற்கிறது? கீபோர்டும் எக்கோவும் வைத்த இசைக்குழு எனக்குப் பிடிக்காது, ஒரு சொல்லும் புரியாது. ஒரு தப்பும் ஒரு குரலும் போதும். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் அந்தக் காலத்திலேயே தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டெழுதிப் பாடியவர்.

2. கூலியைப் பேசுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். தப்புக்காரரிடம் "நம்ம சனத்துக்கான வேலைதானே அண்ணே" என்றேன். அவர் தப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டுத்தானே தம்பி கூட்டம்? எனக்கு எவ்வளவு?"

வாயடைத்துப் போனேன். சாவுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிட்டு, கடைசியில் கையில் எதையோ திணித்து அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்குள் சாதி இருக்கிறது. நானும் அதைத்தான் செய்யப் போயிருந்தேன்.

இப்போது முதல் சந்திப்பிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறோம். குறைந்தது ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் பஸ் காசு, பாதி முன்பணம். ஒத்திகைக்கும் கணக்கு உண்டு. பேச்சாளருக்கு நாற்காலி போட்டால் தப்புக்காரருக்கும் போடுங்கள். சாப்பாடும் ஒரே பந்தி.

3. பாட்டை எழுதிக் கொடுக்காதீர்கள்

மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் உறுப்புரை நியாயமான ஊதியத்தைச் சொல்கிறது. அதை நான் பாட்டாக்கிக் கொடுத்தேன். யார் வாயிலும் நுழையவில்லை. (அந்தப் பிரகடனம் வந்த 1948இல்தான் நம் சனத்தின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் வந்தது. அது தனிப் பதிவுக்கான கதை.) அப்புறம் தாளை மடித்து வைத்துவிட்டு, "கொழுந்து நிறுக்கும்போது என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டேன். தராசில் கழிக்கும் கிலோவைப் பற்றி ஒரு அக்கா அங்கேயே நாலு வரி கட்டிவிட்டார். கூட்டத்தில் அதிகம் கைதட்டு வாங்கியது அதுதான்.

4. நாள்

ஞாயிறு பின்னேரம். மற்ற நாட்களில் பெண்கள் மலையிலிருந்து வந்து அடுப்பைப் பார்க்கவே இருட்டிவிடும். மாசியில் காமன் கூத்துக்காரரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

5. தப்பைக் காய்ச்ச நேரம் விடுங்கள்

பனியில் தோல் தளர்ந்துவிடும். எங்கள் கூட்டத்தில் நெருப்பு மூட்ட விடாமல் அவசரப்படுத்தினோம், தப்பு 'தொப் தொப்' என்றது. காய்ந்த சருகும் பழைய பேப்பரும் கொண்டுபோங்கள். மழை வந்தால் சருகை நனையாமல் வைக்க ஒரு சாக்கும் வேண்டும்.

பிற்சேர்க்கை: பாட்டைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விட்டதும் யாரோ கட்சிச் சின்னத்தை ஒட்டிப் பரப்பிவிட்டார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பதிவு செய்யுமுன் பாடியவரிடம் கேளுங்கள், எங்கெல்லாம் போடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இன்னொருவர், தன் தோட்டத்துப் பாடகிக்கு மறுநாள் துரை (தோட்ட மேலாளர்) முகத்தில் விழிக்கப் பயம் என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது பாடுகிறவரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூட்டி வருகிறோம். வேன் காசு கூடும்.