தூர் வாரும்போது மதகடியில் கை வைக்காதீர்கள்

கோடை பிறந்தால் குடியாத்தம், காவேரிப்பாக்கம் பக்கமெல்லாம் ஏரிக்குள் பொக்லைன் இறங்கும். புதிதாக வருகிற குழுக்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் பாதை வசதியாக இருக்கிறதென்று முதல் நாளே மதகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தித் தோண்டுகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அடிக்கடி கண்ணில் படும் தவறுகள் இவை.

மதகடியைத் தோண்டுவது

வெள்ளம் ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் தணியும். மணலும் கூழாங்கல்லும், ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்காலின் வாயிலேயே தங்கிவிடும். மெல்லிய களி மட்டும் கரைவரை வந்து படியும். மோர்தானா போன்ற அணையிலும் இதேதான் நடக்கிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடையேறி வயலுக்கு வராது. ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் என்பது 43,560 கன அடி. மேல்கோடியில், மதகு மட்டத்துக்கு மேலே உள்ள வண்டலை எடுத்தால் அத்தனையும் பாசனத்துக்கு. மதகடியில் எடுத்தால் மிஞ்சுவது மாடு குளிக்கும் குட்டை.

இதைவிடப் பெரிய கேடு கரைக்கு. களிக்கு அடியில் மணல் இருக்கிற ஏரியில், கரையோரக் களியைச் சுரண்டினால் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வெளிச்சரிவில் ஊற்றெடுக்கும். தெளிந்த நீராகக் கசிந்தால் தினமும் கண்காணியுங்கள். செம்மண் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்த வாயைக் களிமண் வைத்து அடைக்கவே கூடாது, நீர் பக்கத்தில் வேறு வழி பிடிக்கும். முதலில் மணல், அதன்மேல் சல்லி, மேலே கருங்கல் என்று அடுக்கினால் நீர் வடியும், மண் நிற்கும்.

ஆகவே மதகின் அடிமட்டத்தை ஆதாரமாக வைத்து லெவல் எடுங்கள். 30 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி போடுங்கள். விரலில் ஒட்டும் கருஞ்சாம்பல் களி முடிந்து வெண்மணலோ மொரம்போ (சரளை மண்) தலைகாட்டும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு அரை அடி மேலேயே பக்கெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். கரையடியிலிருந்து கரை உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தொடாமல் விடுங்கள்.

அள்ளியதை உள்சரிவில் கொட்டுவது

ஐப்பசி மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே.

லோடு எண்ணிக் கணக்குச் சொல்வது

100 கன அடி ஒரு யூனிட். வெட்டிய மண் உப்பும். குழியில் 100 இருந்தது டிப்பரில் 125 கூட ஆகும். எனவே குழியை அளந்து கணக்கிடுங்கள். 1 மில்லியன் கன அடி மீட்க, குழிக் கணக்கில் 10,000 யூனிட் வெளியேற வேண்டும். இந்தக் கரம்பை, அதாவது ஏரி வண்டல், வயலுக்கு நல்ல உரம். அனுமதி வாங்கிய விவசாயிகளை முதலிலேயே வரிசைப்படுத்திவிட்டால் குவியல் கரையோரம் தேங்காது.

வரத்துக்காலை மறப்பது

அதைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு ஏரியைத் தோண்டி என்ன பயன்?

மணற்போக்கியை மூடியே வைப்பது

முதல் வெள்ளத்தில்தான் வண்டல் அதிகம் வரும். ஆற்று நீரை வரத்துக்காலுக்குத் திருப்பும் அணைக்கட்டின் மணற்போக்கி ஷட்டரை அப்போது திறந்தால் கால்வாயின் வாயடியில் படிந்த மணல் ஆற்றோடு கீழே போகும். மூடியிருந்தால் அது கால்வாய்க்குள் ஏறும். திருகுத் தண்டு துருப்பிடித்தால் வெள்ளத்தன்று நாலு பேர் தொங்கினாலும் அசையாது. ஆனி முடிவதற்குள் கிரீஸ் வைத்து, ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள்.