அயர்லாந்து பிரவுன் பிரெட்: பிசையவே கூடாத மாவு

சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இந்த ரொட்டி ஒரு சோதனை. ஈஸ்ட் கிடையாது, ஊற வைப்பது கிடையாது, பிசைவது கிடையவே கிடையாது. அயர்லாந்தின் கார்க் நகரில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, நான் முதல் தடவை மாவை அமுக்கிப் பிசைவதைப் பார்த்துவிட்டு, "அதை விட்டுவிடு, அது உனக்கு என்ன பாவம் செய்தது?" என்றார். நான் விடவில்லை. அன்று சுட்டது ரொட்டியல்ல, செங்கல்.

ஈஸ்ட் சேர்க்காததற்குக் காரணம் கோதுமையில் இருக்கிறது. அயர்லாந்தில் விளைவது மென்மையான ரகம், மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் அதில் குறைவு. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைக்கும் வலு அந்த மாவுக்குப் போதாது. 1830கள் வாக்கில் சமையல் சோடா அங்கே புழக்கத்துக்கு வந்தது. வெண்ணெய் எடுக்கும் வீடுகளில் மோருக்கும் பஞ்சமில்லை. புளித்த மோரில் சோடா பட்டதும் நுரைக்கும். ரொட்டியை எழுப்புவது அந்த நுரைதான். ஓவன் இல்லாத வீடுகளில் பாஸ்டிபிள் என்ற கனத்த இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேலும் கங்கு அள்ளிப் போட்டுச் சுட்டார்கள்.

தேவையானவை:
கரகரப்பான முழுக்கோதுமை மாவு – 225 கிராம்
மைதா – 225 கிராம்
உப்பு – 1 டீஸ்பூன்
சமையல் சோடா – தலைதட்டி 1 டீஸ்பூன்
மோர் – 350 முதல் 400 மில்லி

மோர் என்றதும் நாம் வெயிலுக்குக் குடிக்கும் நீர்மோரை ஊற்றிவிடாதீர்கள். அங்கே கடையில் விற்பது நன்றாகக் கெட்டியாக இருக்கும். கிடைக்காவிட்டால் புளித்த தயிர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். நம் ஆட்டா மாவு மிக நைசானது. அதில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமைத் தவிடு சேர்த்தால் அந்தக் கரகரப்பு ஓரளவு வரும்.

1. முதலில் ஓவனை 230 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். மாவைக் கலந்த பிறகு சூடாகட்டும் என்று காத்திருந்தால் நுரை அடங்கிவிடும்.

2. மைதா, உப்பு, சோடா மூன்றையும் சேர்த்துச் சலித்து, முழுக்கோதுமை மாவைக் கலந்துகொள்ளுங்கள். சோடாக் கட்டி ஒன்று தங்கினாலும் அந்த இடம் மஞ்சளாகிக் கசக்கும்.

3. நடுவில் குழி பறித்து மோரில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றுங்கள். ஒரு கையின் விரல்களை விரித்து, விறைப்பாக, பருந்தின் கால் மாதிரி வைத்துக்கொண்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள். சில சுற்றிலேயே மாவு சேர்ந்துவிடும். உலர்ந்து நின்றால் மட்டும் மீதி மோர். கொழகொழவென்று ஓடக்கூடாது, சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளர்ந்து, லேசாகக் கையில் ஒட்டினால் சரி.

4. மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சுமார் 4 செ.மீ. உயர வட்டமாகத் தட்டுங்கள். மேலே மேடு பள்ளமாக இருந்தால் இருக்கட்டும்.

5. மாவு தூவிய தட்டில் வைத்து, கத்தியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஆழமாகச் சிலுவைக் கீறல் போடுங்கள். தேவதைகள் வெளியேற வழி என்பார்கள் அங்கே. தடிமனான நடுப்பகுதி வேகவும் அதுதான் வழி.

6. 15 நிமிடம் 230 டிகிரியில். பிறகு 200க்குக் குறைத்து இன்னொரு 15, 20 நிமிடம். வெளியே எடுத்து, துணியால் பிடித்துக் கவிழ்த்து, அடியில் விரல்முட்டியால் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பது போல 'டொக்' என்று கேட்டால் வெந்துவிட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் கவிழ்த்தபடியே ஓவனில் இன்னும் 5 நிமிடம் விடுங்கள்.

மேல்தோல் முறுகலாக வேண்டுமா, அப்படியே கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். மெத்தென்று வேண்டுமானால் சுத்தமான துணியில் சுற்றிவையுங்கள். நான் துணி கட்சி.

சூடாக வெட்டினால் பிசுபிசுக்கும் என்று தெரிந்தும் யாரும் பொறுப்பதில்லை. உப்பு போட்ட வெண்ணெயைக் கஞ்சத்தனம் இல்லாமல் தடவுங்கள். மறுநாளைக்கு மிஞ்சினால் டோஸ்ட் போடத்தான் ஆகும், அதற்குள் உலர்ந்துவிடும்.